தூங்குகிற பிள்ளைக்குக் கட்டம் இல்லை

ஐப்பசி மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை காலையில், சொசைட்டியில் பால் ஊற்ற வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், ஊஞ்சக்காட்டூரில் இருந்த எல்லாவற்றையும் சுற்றிப் பச்சைக் கோட்டில் கட்டம் விழுந்தது. மாட்டைச் சுற்றி ஒரு கட்டம், மாட்டைப் பிடித்திருந்தவரைச் சுற்றி ஒரு கட்டம், அவர் கையிலிருந்த போசியைச் சுற்றி ஒரு கட்டம், வேப்பமரத்துக்கு ஒன்று, வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளுக்கு ஒன்று. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. மேல் விளிம்பில் சின்ன எழுத்தில் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும். மாடு 97. ஆள் 94. பாத்திரம் 89. மரம் 99. கோட்டைத் தொட்டால் ஈர நூலைத் தொட்டது போலிருந்தது, அழுத்தினால் வழிவிட்டது. பால் ஊற்ற வந்தவர்கள் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். பால் திரிந்துவிடும் என்பதால் அதற்குப் பிறகு வரிசை நகர்ந்தது.

மற்றவர்களுக்குத்தான் அது புதுசு. கோகிலவாணிக்கு அந்தப் பச்சையை மூன்று வருஷமாகத் தெரியும். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, பழைய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஊரார் 'கட்டம் போடற ஆபீஸ்' என்று சொல்லும் இடத்தில் அவள் வேலை பார்த்தாள். எங்கெங்கோ இருக்கிற தெருக்களும் வீடுகளும் சந்தைகளும் படம் படமாக அங்கே வந்து இறங்கும். அறுபது பெண்கள் அறுபது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, படத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் சுற்றி மவுஸால் பச்சைக் கட்டம் இழுத்து, இது மாடு, இது மரம், இது ஆள் என்று பெயர் கொடுப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கோ ஓர் இயந்திரம் உலகத்தைக் கற்றுக்கொள்கிறது, பெயருக்குப் பக்கத்தில் வருகிற எண் நூற்றுக்கு எவ்வளவு நிச்சயமாக அதற்குத் தெரியும் என்பதைக் காட்டுகிறது என்று டீம் லீடர் பிரகதீஷ் சொல்லியிருந்தான். "அதுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க்கா. பொறந்த கொழந்தை மாதிரி. நீங்கதான் அதுக்கு அம்மா."

அறுபது பேரும் சிரித்தார்கள், ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எல்லாருடைய நடையும் கொஞ்சம் மாறித்தான் இருந்தது. பெற்ற பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, இதுவாவது கேட்கிறதே! எல்லாவற்றையும் கற்று முடித்த பிறகு நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுமோ என்கிற பயமும், சோற்றில் கிடக்கிற கல்லைப் போல அவ்வப்போது பல்லில் தட்டுப்படும்.

கோகிலவாணிதான் அங்கே சீனியர். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும், மற்றவர்கள் போட்ட கட்டங்களைச் சரிபார்த்து அனுப்பி வைப்பதும் அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே ஒவ்வொருத்தியிடமும் அவள் ஒன்று சொல்வாள். "தூங்கற கொழந்தையச் சுத்தி மட்டும் கட்டம் போட்றாதீங்க, அம்மிணி." ஏன் என்று ஒருத்திகூடக் கேட்டதில்லை. ஊஞ்சக்காட்டூரில் தூங்குகிற பிள்ளையை உற்றுப் பார்க்க மாட்டார்கள், பெற்றவள் கண்ணே பட்டுவிடும். தூங்குகிற பிள்ளையை அளக்கவும் மாட்டார்கள், சட்டைக்கு அளவெடுப்பதானாலும் எழுப்பி நிற்கவைத்துத்தான் எடுப்பார்கள். படுத்துக் கிடக்கிற சின்ன உடம்புக்கு நாலு பக்கமும் கோடு போடுகிறவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். குழி வெட்டுகிறவன்தான், வெட்டுவதற்கு முன்னால், கடப்பாரை முனையால் தரையில் அப்படிப் போடுவான். அதனால் மூன்று வருஷமாக, எத்தனையோ லட்சம் படங்களில், பாயிலும் தூளியிலும் தோளிலும் ரயில் பெஞ்சிலும் தூங்கிய ஒரு குழந்தைக்குக்கூட அவர்கள் கட்டம் போடவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும் என்று மனசார நினைத்துத்தான் விட்டார்கள்.

வந்த அதிசயத்தைத் தின்று செரிக்க ஊருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. எருமையின் கட்டத்தில் ஒருவர் துண்டைக் காயப்போட்டார். எருமை துண்டோடு குட்டைக்குப் போய்விட்டது. அரசமரத்தடிப் பிள்ளையாருக்கு 'யானை 71' என்று விழுந்தது. பூசாரி முகம் வாடி நின்றபோது, "தும்பிக்கை இருக்குதுல்லங்க, அது என்ன பண்ணும், பாவம்" என்று ஊரே சேர்ந்து அவரைச் சமாதானப்படுத்தியது. மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் சம்பளம் கேட்பதற்கு முன்னால் தலைக்கு மேல் இருக்கிற எண்ணைப் பார்த்தார்கள். 'ஆள் 78' என்று இருந்த ஒருவன் தினம் இரண்டு முட்டை தின்று எண்பத்து மூன்று வரைக்கும் ஏற்றிக் காட்டினான். குடித்துவிட்டுச் சாக்கடை ஓரம் கிடந்த சென்னியப்பனுக்கு 'மூட்டை 64' என்று விழுந்துவிட, லோடுமேன் இரண்டு பேர் அவனைத் தூக்கி லாரியில் அடுக்கிவிட்டார்கள். அவன் பொண்டாட்டி லாரிக்குக் குறுக்கே நின்று, "மூட்டையா இருந்தாலும் அது எம்மூட்டை, எறக்குங்கடா கீழ!" என்று கத்தி இறக்கிக்கொண்டு போனாள்.

நல்லதும் நடக்காமல் இல்லை. வைக்கோல் போருக்குள் கையை விடப் போனவள் 'பாம்பு 88' என்ற கட்டத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். காணாமல் போன ஆட்டைக் கரட்டுமேல் இரண்டு மைல் தள்ளி அதன் பச்சைக் கோட்டை வைத்துக் கண்டுபிடித்தார்கள். மார்கழிப் பனியில் முன்னால் போகிற ஆளே தெரியாதபோதும் கட்டம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பஸ் டிரைவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ஓட்டினார்கள். தைப்பொங்கல் அன்று கட்டம் போடுகிற ஆபீசின் கதவுக்கு யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இப்படியாக ஊர், கண்ணைக் கொண்டு பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டத்தைக் கொண்டு பார்க்கப் பழகிக்கொண்டது. கட்டம் இருக்கிற இடத்தில் ஒதுங்கினார்கள், கட்டம் இல்லாத இடத்தில் கால் வைத்தார்கள். கட்டம் இருந்தால் வணக்கம் சொன்னார்கள், கட்டம் இல்லாத இடத்தில் எச்சில் துப்பினார்கள். கட்டம் இருந்தால் இருக்கிறது, கட்டம் இல்லையென்றால் இல்லை.

கட்டம் விழுந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கோகிலவாணி அதைப் பார்த்துவிட்டாள். அவளுடைய ஒரே மகள் மிதுனா, நாலு வயசு, பருப்புச் சாதம் தின்றுவிட்டுப் பாயில் கிடந்து, மேலே இருந்த 'குழந்தை 96' என்கிற எழுத்தை விரலால் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். கண் சொருகச் சொருகக் கோடு மங்கியது, மூடியதும் கட்டம் அணைந்தே போனது. கோகிலவாணிக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. நாம் சொன்னதைக் கேட்டிருக்கிறது, தூங்குகிற பிள்ளையை அதுவும் உற்றுப் பார்ப்பதில்லை என்று நினைத்து, அந்த முகம் தெரியாத இயந்திரத்தின் மேல் அவளுக்குக் கொஞ்சம் பிரியம்கூட வந்தது.

தை கடைசியில் அங்கன்வாடி டீச்சர் ஜமுனா, மத்தியானம் கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு கட்டமும் தெரியாததால் பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். உள்ளே இருபத்தொரு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விழித்து அழுதபோது இருபத்தொரு கட்டங்களும் ஜன்னல் வழியாக ஒன்றாகப் பற்றிக்கொண்டதைப் பார்த்து, எதிர்வீட்டுக்காரர்கள் தீப்பிடித்துவிட்டது என்று குடத்தோடு ஓடி வந்தார்கள். ஊர் ஜமுனாவைத் திட்டித் தீர்த்தது. ஜமுனா அழுதுகொண்டே ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: "நான் பார்த்தனுங்க. சத்தியமாப் பார்த்தேன். பாய்தான் கெடந்துதுங்க."

அழுகிற மிதுனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்ற கோகிலவாணிக்குப் பாயில் அணைந்துபோன கட்டம் ஞாபகத்துக்கு வந்தது. ஜமுனா பொய் சொல்கிறாள் என்று நினைக்க எவ்வளவோ முயன்றாள்.

மாசி பிறந்தது. மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயப்போடுகிற மாசம். கோகிலவாணியின் கணவன் அர்த்தநாரி குட்டியானை ஓட்டுகிறவன். குட்டியானை என்று ஊர் சொல்வது ஒரு சின்ன சுமை வண்டியை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு களத்துக்குச் சாப்பாடு கொண்டு போனாள். சாப்பிட்டு முடிக்கும்போதே மிதுனா கண்ணைக் கசக்கினாள். வண்டிக்குப் பின்னால் நிழல் விழுந்த இடத்தில் நாலு காலிச் சாக்கை விரித்து, ஆரஞ்சு கவுனை இழுத்துவிட்டுப் படுக்க வைத்தாள். பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

திரும்பி வரும்போது வண்டி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க! பின்னால பாப்பா!"

அர்த்தநாரி பிரேக்கை மிதித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தான், தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். "எங்க புள்ள? கட்டமே இல்லையே. சாக்குதான் கெடக்குது. நீயே பாரு."

அவள் பார்த்தாள். விரித்த நாலு சாக்கும் விரித்த மாதிரியே கிடந்தன. சாக்கின் மேல் நிழல், நிழலில் மஞ்சள் தூசி. வேறு ஒன்றும் இல்லை. ஆரஞ்சு கவுன் இல்லை, அவள் காலையில் பின்னிய இரட்டைச் சடை இல்லை. பத்து நிமிஷத்துக்கு முன்னால் தன் கையால் படுக்க வைத்த இடத்தை, பெற்றவள், இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பிள்ளை தெரியவில்லை. அந்த மாதிரி பயம் அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. எழுந்து எங்காவது விளையாடப் போயிருப்பாள் என்று வாய் வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் வண்டி நகர்ந்திருக்கும்.

பாத்திரத்தைப் போட்டுவிட்டு அவள் முட்டி போட்டுச் சாக்கின் மேல் தவழ்ந்தாள். குருடி மாதிரிக் கையால் துழாவிக்கொண்டே போனாள். டயருக்கு ஒரு சாண் தள்ளி, வெதுவெதுப்பாக, சின்னதாக ஒரு பாதம் கையில் அகப்பட்டது. அதைப் பிடித்த பிறகுதான் பாதம் தெரிந்தது, பாதத்தோடு கொலுசு, கொலுசுக்கு மேல் கவுன், கடைசியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்த முகம்.

அர்த்தநாரி இறங்கி வந்து நின்றான். அவனுக்கு இன்னும் தெரியவில்லை. அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள். அவன் அப்படியே களத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"நாந்தானுங்க," என்றாள் கோகிலவாணி. "உங்க மேல தப்பில்ல. தூங்கற கொழந்தைக்குப் போட வேண்டாம்னு நாந்தான் அத்தன பேருக்கும் சொல்லிக் குடுத்தேன். அது கத்துக்கிச்சு. அதப் பார்த்து நாம கத்துக்கிட்டோம்."

மறுநாள் மத்தியானம் மிதுனாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். மூன்று வருஷத்துப் படங்களும் அங்கேயே இருந்தன. விட்டுப்போன கட்டங்களைப் போட்டு அனுப்பினால் அது கற்றுக்கொள்ளும் என்றான் பிரகதீஷ். விட்டுப்போனதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவனும் ஊஞ்சக்காட்டூர்க்காரன்தான், படத்தில் தூங்குகிற குழந்தை வந்தால் கண்ணை நகர்த்திக்கொள்கிறவன்தான்.

பெண்கள் அசையவில்லை. எல்லாரையும்விட வேகமாகக் கட்டம் போடுகிற வளர்மதிதான் முதலில் வாயைத் திறந்தாள். "நீங்கதானக்கா ஆவாதுன்னீங்க. இப்ப நீங்களே போடச் சொன்னா? எனக்கு ரெண்டு ஆம்பளப் பசங்க. எவ பெத்ததுக்கோ நான் கோடு போட்டு, அது எம்புள்ளைங்களுக்கு வந்தா?"

"எம்புள்ள வண்டிச் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கெடந்தா, வளரு. நான் பார்த்துட்டே நிக்கறேன், எனக்குத் தெரியல."

"அதுக்கு? ஒலகத்துல இருக்கற அத்தன கண்ணும் வந்து பாக்கட்டும்னு விடுவீங்களா? எதுக்கிட்ட இருந்து மறைச்சமோ அது பேருதானக்கா கண்ணு?"

வளர்மதி சொன்னது கோகிலவாணிக்குத் தெரியாதது இல்லை. தெரியாமல் போனால் சக்கரம், தெரிந்துபோனால் கண். அவள் தன் மேஜையில் பழைய சேலையை மடித்து விரித்து, மிதுனாவைப் படுக்க வைத்துத் தட்டிக்கொடுத்தாள். கோடு மங்கியது, அணைந்தது. கையை எடுக்காமல் இன்னொரு கையால் போனில் படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தபோது படத்தில் மேஜை இருந்தது, சேலை இருந்தது. பிள்ளை இல்லை.

இடது கையைப் பிள்ளையின் மேல் வைத்துக்கொண்டு, வலது கையால் மவுஸைப் பிடித்தாள். உச்சந்தலை எங்கே முடிகிறது என்று இடது கை தொட்டுச் சொன்னது, வலது கை அங்கே ஒரு கோட்டை இழுத்தது. குதிகால் எங்கே முடிகிறது என்று தொட்டுச் சொன்னது, அங்கே ஒரு கோடு. மடக்கிய முழங்கைக்கு வெளியே ஒன்று, முதுகுக்கு வெளியே ஒன்று. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தன் மகளைத் தூக்கத்தில் அளந்தாள். மாரியாத்தா, எது வந்தாலும் எனக்கு வரட்டும், எனக்கே வரட்டும் என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கட்டம் மூடியது. குழந்தை என்று அடித்தாள்.

மேஜைக்கு மேலே, காற்றில், ஒரு பச்சைக் கோடு நடுங்கிக்கொண்டு வந்தது. 'குழந்தை 11.' அதற்குள்ளே, பனிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி, மிதுனா தெரிந்தாள்.

மற்ற எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். வளர்மதிதான் முதலில் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள், மூக்கை உறிஞ்சினாள், ஒரு பழைய படத்தைத் திறந்தாள். அதிலும் இப்போது ஒரு குழந்தை புகைபோலத் தெரியத் தொடங்கியிருந்தது. படத்தில் எதையும் பார்க்கவில்லை என்பதைப் போல முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் முதல் கட்டத்தைப் போட்டாள்.

நாலு நாள் போட்டார்கள். தூளியில் தூங்கியதற்குப் போட்டார்கள், தோளில் தூங்கியதற்குப் போட்டார்கள், எந்த ஊரென்று தெரியாத நடைபாதையில் நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கியதற்குப் போட்டார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மத்தியான நேரங்களில் ஊரில் தூங்குகிற பிள்ளைகளைச் சுற்றி எண்கள் ஏறிக்கொண்டே வந்தன. இருபத்தாறு. நாற்பது. எழுபத்தொன்று. ஜமுனா அங்கன்வாடிக் கதவில் நின்று ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டு இருபத்தொன்று வரைக்கும் எண்ணிவிட்டு, எண்ணியது தப்பு என்று உடனே காறித் துப்பிக் கண்ணேறு கழித்தாள். அர்த்தநாரி வண்டியை எடுப்பதற்கு முன்னால் இறங்கி நாலு பக்கமும் கையால் தடவிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விடவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம், வீட்டில், கோகிலவாணி மகளைத் தூங்கவைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கட்டம் கொஞ்சமும் நடுங்காமல் நின்றது. 'குழந்தை 100.'

ஊரில் எதற்கும் நூறு கிடையாது. நூறு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிற வேப்பமரத்துக்கே தொண்ணூற்றொன்பதுதான். பெற்ற தனக்கே இந்தப் பிள்ளையைப் பற்றி இவ்வளவு நிச்சயம் இருந்ததில்லை. காய்ச்சல் வருமா, நாளைக்கு என்ன கேட்டு அழும், வளர்ந்து எப்படிப்பட்டவளாக வருவாள், எதுவும் தெரியாமல்தான் பக்கத்தில் படுத்திருக்கிறாள். அதற்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எங்கிருந்தோ எதுவோ குனிந்து, இமைக்காமல், தன் மகள் தூங்குவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்று வருஷமாக எதிலிருந்து மறைத்தாளோ அதற்குத் தன் கையாலேயே காட்டிக் கொடுத்துவிட்டாள்.

அலமாரியில் கண்மை டப்பி இருந்தது. விரலில் தொட்டு மிதுனாவின் இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

கோடு ஒரு தடவை துடித்தது. 'குழந்தை 99.'

அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோகிலவாணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் மத்தியானம் அதே கன்னத்தில் அதே பொட்டு இருக்கும்போதே, எண் நூறுக்குப் போய்விட்டது. அவள் அதைத் துடைத்துவிட்டு வலது கன்னத்தில் வைத்தாள். தொண்ணூற்றொன்பது. அதற்கு மறுநாள் அதுவும் பலிக்கவில்லை, மோவாயில் வைத்தாள்.

"எதுக்குப் புள்ள தெனமும் எடத்த மாத்தி மாத்தி வெக்கற?" என்று கேட்டான் அர்த்தநாரி.

"அது கத்துக்குதுங்க."

அவன் கட்டத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், கண்மை டப்பியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

நேற்று இடது உள்ளங்காலில் வைத்தாள். இன்றைக்குக் காது மடலுக்குப் பின்னால். நாலு வயசுப் பிள்ளை, சின்ன உடம்பு. இன்னும் எத்தனை இடம் பாக்கி இருக்கிறது என்று மட்டும் அவள் பார்ப்பதில்லை. தூங்குகிற பிள்ளையை அளக்கக் கூடாது.